டி. பிரவுனின் இருநூற்றுப் பதினொரு ஆட்டங்கள்

கிளிஃப் ஆர்மிடேஜுக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கெல்பரோ ரக்பி லீக் கிளப்பின் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வாசலை ஒட்டி ஒரு சுவர் உண்டு. 1895 முதல் கிளப்புக்காக ஒரு தடவையாவது களமிறங்கிய எல்லோர் பெயரும் அதில் இருக்கிறது. முதலில் இறங்கியவர் ஒன்று. அடுத்தவர் இரண்டு. போன மாதம் வந்து சேர்ந்த நியூசிலாந்துக்காரன் 1,412. ஐந்நூறு ஆட்டம் ஆடினாலும் ஒரே எண்தான். ஐந்து நிமிஷம் ஆடினாலும் ஒரு எண் உண்டு. செத்தாலும் போகாது.

கிளிஃபின் மனைவி மாரீனுக்கு ஒரே அண்ணன், டெரிக் ஓல்ட்ராய்டு. டெரிக்கின் எண் 861. அது அவருடைய கார் எண்பலகையில் இருந்தது. பௌலிங் பந்து வைக்கும் பையில் இருந்தது. வலது தோளில் பச்சை குத்தியிருந்தது. அவர் தன் கல்லறைக் கல்லை முன்கூட்டியே வாங்கிவைத்திருந்தார். பெயரும் பிறந்த தேதியும் 861-ம் செதுக்கியாகிவிட்டது. ஒரு தேதிதான் பாக்கி.

டெரிக் மொத்தம் ஒன்பது ஆட்டம் ஆடினார். கிளிஃப் ஒன்று. ஆனால் கிளிஃபின் பெயர் சுவரில் இல்லை.

காரணம் எளிது. பதினைந்து பேர் ஆடும் ரக்பி ஒன்று இருந்தது. அதில் சம்பளம் கிடையாது. பதிமூன்று பேர் ஆடும் ரக்பி ஒன்று இருந்தது. இதில் சம்பளம் உண்டு. இங்கே ஒரு சனிக்கிழமை ஆடியது தெரிந்தால் அங்கே ஆயுள் முழுக்கத் தடை. அதனால் அங்கிருந்து வெள்ளோட்டத்துக்கு, அதாவது ஒரு ஆட்டம் ஆடிக்காட்ட, வருகிறவனின் பெயரை இங்கே எழுதமாட்டார்கள். பொய்ப்பெயர் ஒன்றை எழுதுவார்கள். ஸ்கெல்பரோவில் அந்தப் பெயர் எப்போதும் டி. பிரவுன். முதன்முதலில் எழுதியவருக்குக் கற்பனை போதவில்லை, அடுத்து வந்தவர்களுக்கு அதை மாற்றத் தோன்றவில்லை.

1983 அக்டோபரில் கிளிஃப் டி. பிரவுனாக ஆடினார். மழை. முழங்கால் வரை சேறு. எழுபதாவது நிமிஷத்தில் டெரிக் கொடுத்த பந்தை வாங்கி, கோட்டைத் தாண்டி மூலையில் விழுந்து பந்தைத் தரையில் பதித்து ஒரு ட்ரை போட்டார். முடிந்ததும் செயலாளர் கைகொடுத்து, "அடுத்த வாரம் கூப்பிடுறோம்" என்றார். கூப்பிடவில்லை. கிளிஃப் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, இப்போது ஆட்ட நாட்களில் கிழக்கு வாசல் சுழல்கதவில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் பழைய பதிவேடுகளைப் பார்த்து அந்தச் சுவரை எழுதினார். பிரவுன் என்ற பெயர் வந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டார். அது ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை.

"அன்னிக்கு ட்ரை போட்டது யாரு மாப்ளே?" என்பார் டெரிக், குழம்பை உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொண்டே.

"நான்தான்."

"புத்தகத்தைப் பாரு. பிரவுன்னு போட்டிருக்கு. பிரவுன் நல்லா ஆடினான். உன்னை நான் அங்க பார்க்கவே இல்லையே."

"பந்தைக் குடுத்ததே நீதான் மச்சான்."

"பிரவுனுக்குக் குடுத்தேன்."

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு சாப்பிடுறீங்களா?" என்பாள் மாரீன். நாற்பது வருஷமாக அவள் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறாள். முடிவு மாறியதில்லை.

*

பிப்ரவரியில் பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, தலைமை நிர்வாகி கேரத் பிக்கர்ஸ்கில் கிளப்பின் தன்னார்வலர்களை மதுக்கூடத்துக்கு அழைத்தார். ஆளுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு 'மீட் பை'யும் பட்டாணி மசியலும் கொடுத்தார்கள். பிக்கர்ஸ்கில் இதற்கு முன்பு வீடுகளுக்குக் கண்ணாடிக் கூடம் கட்டி விற்றவர். கிளப்பின் பெயரோடு 'நீர்நாய்கள்' என்று சேர்த்தது அவர்தான். ஸ்கெல்பரோ ஆற்றில் நீர்நாயை யாரும் பார்த்ததில்லை. சிலர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

"நண்பர்களே, இந்த வருஷத்துல இருந்து யாரு மேல்மட்ட லீக்ல இருக்கணும்னு ஆட்டம் முடிவு பண்ணாது" என்றார் பிக்கர்ஸ்கில். "இவ்வளவு காலம் அந்தப் பொறுப்பை ஆட்டத்துக்கிட்ட விட்டுவச்சிருந்தோம். ஆட்டத்தை நம்ப முடியாது. ஒரு வாரம் ஜெயிக்கும், ஒரு வாரம் தோக்கும். ஒரு நிறுவனத்தை அப்படி நடத்த முடியுமா? அதனால தகுதிக் குழு மார்க் போடும். மொத்தம் இருபது. பதினஞ்சு எடுத்தா மேல. எடுக்கலைன்னா கீழ."

"ஜெயிச்சா எத்தனை மார்க்?" என்று புல் வெட்டுகிறவர் கேட்டார்.

"மொத்தப் பருவத்துக்கும் சேர்த்து ஒண்ணேகால்."

பட்டாணி ஆறியது.

"இணையத்துல நம்மளைப் பின்தொடர்றவங்களுக்கு நாலு மார்க்" என்று பிக்கர்ஸ்கில் தொடர்ந்தார். "பெரிய திரைக்கு ரெண்டு. கழிப்பறைக்கு ஒண்ணரை. பாரம்பரியத்துக்கு ரெண்டு. அனுபவத்துக்கு மூணு. கிளிஃப், இது உங்களுக்கு. சுழல்கதவுல வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'இன்னிக்கு உங்க அனுபவம் எப்படி இருந்துச்சு'ன்னு கேட்கணும்."

"அவங்க அப்பத்தானே உள்ள வருவாங்க?"

"அதனாலதான் அப்ப கேட்கச் சொல்றேன்."

முதல் ஆட்டத்தில் கிளிஃப் நாலாயிரத்துச் சொச்சம் பேரைக் கேட்டார். பெரும்பாலோர் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. அணி 44-க்கு 6 என்று தோற்றது. பெரிய திரையில் புள்ளிகள் வரவில்லை. அதில் பின்தொடர்கிறவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் கூடினார்கள். பிக்கர்ஸ்கில் எழுந்து நின்று கைதட்டினார்.

*

மார்ச்சில் தகுதிக் குழுவிலிருந்து டாக்டர் ஃபெலிசிட்டி வோன் வந்தார். லண்டன்காரர். இதுவரை ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை என்றும் அதனால் தன் மதிப்பீட்டில் ஒருபக்கச் சாய்வு இருக்காது என்றும் அவரே சொன்னார். பழைய பதிவேடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கணினிக்குக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது உற்சாகத்தில் முகம் சிவந்திருந்தது.

கிளிஃப் அப்போது அலுவலகத்தில் வெப்பக்குழாய் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. குழாய் பார்க்கிறவருக்குக் காது இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"இப்படிப்பட்ட ஆட்டக்காரர் எந்தக் கிளப்லயும் இல்லை" என்றார் டாக்டர் வோன். "டி. பிரவுன். முதல் ஆட்டம் 1908. கடைசி ஆட்டம் 1987. இருநூற்றுப் பதினோரு ஆட்டம். பதிமூணு இடத்துலயும் ஆடியிருக்கார். ரெண்டு உலகப்போர் வந்துருக்கு, அவர் நிறுத்தலை. அந்த விசுவாசம்."

"எழுபத்தொன்பது வருஷம்" என்றார் பிக்கர்ஸ்கில், மெதுவாக.

"குறைஞ்சது இருநூறு ஆட்டம் ஆடின சாதனையாளர் ஒருத்தர், அவருக்கு மைதானத்துல ஒரு சிலை. ரெண்டும் இருந்தா முக்கால் மார்க். நீங்க இப்ப பதினாலே கால்ல நிக்கிறீங்க."

பிக்கர்ஸ்கில் விரல்விட்டுக் கூட்டினார். அவர் முகத்தில் சூரியன் வந்தது. ஸ்கெல்பரோவில் மார்ச் மாதத்தில் அது அரிது.

கிளிஃப் குழாய்ச்சாவியைக் கீழே வைத்தார்.

"அது ஒரு ஆள் இல்லம்மா" என்றார். "வெள்ளோட்டத்துக்கு வர்றவங்களுக்கு வைக்கிற பேரு. நானே ஒரு தடவை பிரவுனா ஆடியிருக்கேன்."

டாக்டர் வோன் அவரைக் கனிவோடு பார்த்தார். "எழுத்துல இருக்கா?"

"எழுத்துல இருந்திருந்தா அந்தப் பேரே வேண்டியிருந்திருக்காதே."

"அப்ப எழுத்துல இல்லை" என்று அவர் குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் பிக்கர்ஸ்கில் கதவைச் சாத்தினார்.

"கிளிஃப், இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"ஊரு பரவாயில்லை. குழுவுல யாருக்கும் தெரியாதுல்ல?"

கிளிஃபுக்கு இதுதான் சமயம் என்று பட்டது. "எனக்கு என் ஒரு ஆட்டத்தை மட்டும் குடுத்துருங்க" என்றார். "என் பேரைச் சுவர்ல போடுங்க. பிரவுனுக்கு இன்னும் இருநூத்திப் பத்து இருக்கும். இருநூறுக்கு மேலதானே?"

பிக்கர்ஸ்கில் அவர் தோளில் கைபோட்டார். விற்பனைக்காரரின் கை அது. கனமே இல்லாதது.

"நான் உங்களுக்கு ஒண்ணு குடுக்கிறேன். நாளைக்கு இன்னொருத்தர் வருவார். நாளன்னிக்கு மூணு பேர். பன்னெண்டாவது ஆள் வந்தா பிரவுன் நூத்தித் தொண்ணூத்தொம்பது. முக்கால் மார்க் போச்சு. நாம கீழ போயிருவோம். உங்க ஒரு ஆட்டத்துக்காக நூத்திமுப்பது வருஷக் கிளப்பு கீழ போகணுமா? நீங்களே சொல்லுங்க."

கிளிஃப் குழாயைப் பார்த்தார். அது இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

*

சிலைக்கு முகம் வேண்டியிருந்தது. பிரவுனின் படம் ஒன்றும் கிடைக்கவில்லை. சிற்பி ஊரில் மூன்று நாள் திரிந்துவிட்டுக் கடைசியில் கிழக்கு வாசலில் கிளிஃபின் காதுகளைப் பார்த்தார். இளமையில் மிதிபட்டு முட்டைக்கோஸ் மாதிரி சுருண்ட காதுகள்.

"இதேதான் காது" என்றார்.

கிளிஃப் ஏப்ரல் முழுக்கச் சிற்பியின் கொட்டகையில் முக்காலி மேல் நின்றார். பிரவுன் பதிமூன்று இடத்திலும் ஆடியவர் என்பதால் முன்வரிசைக்காரனின் தோளும் ஓரத்தில் ஓடுகிறவனின் காலும் சிலைக்கு வேண்டும் என்று குழு எழுதியிருந்தது. சிற்பி எழுதியபடியே செய்தார். மேலே ஒரு பீரோ, கீழே இரண்டு தடி. நடுவில் கிளிஃபின் முகம்.

'டி' என்றால் என்ன என்பதை இணையத்தில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். டெரன்ஸ் வென்றது.

டெரன்ஸ் பிரவுனுக்குச் சொந்தமாகக் கணக்கு தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று போட்டார்கள். ஏப்ரல் மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதம் அணி நான்கு ஆட்டத்திலும் தோற்றது. பயிற்சியாளர் ஒரு நல்ல முன்வரிசைக்காரன் வேண்டும் என்று எழுதிக் கேட்டார். அவனுக்கு எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பிக்கர்ஸ்கில் திருப்பிக் கேட்டார்.

பிரவுனோடு சேர்ந்து ஆடியவர்கள் நினைவுகளைச் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கேமரா முன்னால் போய் உட்கார்ந்த முதல் ஆள் டெரிக். கிளிஃபும் மாரீனும் அதை வீட்டில் போனில் பார்த்தார்கள்.

"அமைதியான மனுஷன் பிரவுன்" என்றார் திரையில் டெரிக். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். "எண்பத்திமூணு அக்டோபர்ல ஒரு ட்ரை போட்டாரு பாருங்க. சேத்துல வழுக்கிக்கிட்டே போய் மூலையில விழுந்தாரு. அப்படி ஒரு ட்ரையை நான் பார்த்ததே இல்லை. பந்தைக் குடுத்தது அடியேன்தான். என் எண் 861."

அந்த ட்ரையைப் பற்றி டெரிக் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி கிளிஃப் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டார். "அது நான்னு உனக்குத் தெரியும்தானே மச்சான்?"

"தெரியாம என்ன?" என்றார் டெரிக். "ஆனா கிளப்புக்காக மாப்ளே. கொஞ்சம் பெருந்தன்மையா இரு."

"இவ்வளவு நல்லா இருந்துச்சா அந்த ட்ரை?"

"பிரவுன் போட்டதா நினைச்சுப் பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு."

மாரீன் பாத்திரங்களைச் சற்றுச் சத்தமாக எடுத்துவைத்தாள்.

*

ஜூனில் சுவரைத் திருத்தி எழுதினார்கள். பிரவுனைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1908-இல் களமிறங்கியதால் அவர் 144. அதுவரை 144 ஆக இருந்தவர் 145 ஆனார். 145 ஆக இருந்தவர் 146. இப்படியே கடைசிவரைக்கும். நியூசிலாந்துக்காரன் 1,413.

டெரிக் 862.

அன்று டெரிக் பிக்கர்ஸ்கில்லின் அறைக்குப் போனபோது கிளிஃப் துணைக்குப் போனார். மாரீன் அனுப்பினாள். அண்ணனுக்கு ரத்த அழுத்தம் உண்டு.

"அந்தப் பிரவுனை எடுங்க" என்றார் டெரிக்.

"எடுக்கிறதா? நம்ம சாதனையாளரையா?"

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை."

பிக்கர்ஸ்கில் வருத்தத்தோடு தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அமைதியான மனுஷன் பிரவுன், என்றது போன்.

டெரிக் உட்கார்ந்துவிட்டார். "என் கல்லுல 861-னு செதுக்கியிருக்கு" என்றார். "ஒண்ணை ரெண்டாக்க முடியாதுன்னு கல்தச்சன் சொல்லிட்டான். ஏழாக்கலாமாம்."

"ஆயிரத்து இருநூத்திச் சொச்சம் பேருக்கு எண் மாறியிருக்கு டெரிக். எல்லாருக்கும் புதுச் சட்டை போடறோம். இதை ஒரு இழப்பா பார்க்காதீங்க. ஒரு எண் கூடியிருக்கு. நீங்க வளர்ந்திருக்கீங்க."

வெளியே வந்ததும் டெரிக் கிளிஃபின் மேல்தான் பாய்ந்தார். "எல்லாம் உன்னாலதான். உன் மூஞ்சியை எதுக்கு அவனுக்குக் குடுத்த?"

"காதைத்தான் மச்சான் கேட்டாங்க. மூஞ்சி கூடவே போயிருச்சு."

ஜூலையில் சிலையைத் திறந்தார்கள். மழை பெய்தது. பிக்கர்ஸ்கில் பேசினார். "ஒரு ஆட்டக்காரர்கிட்ட நாம என்ன எதிர்பார்க்கிறோம்? காயம் படக்கூடாது. சம்பளம் கூட்டிக் கேட்கக்கூடாது. வேற கிளப்புக்குப் போகக்கூடாது. எங்க நிறுத்தினாலும் நிக்கணும். நூத்திமுப்பது வருஷத்துல இப்படி ஒருத்தர்தான் அமைஞ்சார்."

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஈரத்தோடு நின்ற இன்றைய ஆட்டக்காரர்களும் தட்டினார்கள். அவர்களில் மூன்று பேருக்குக் கையில் கட்டு.

*

ஆகஸ்டில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. பதிவேடுகள் கணினியில் ஏறியதால் பழைய விஷயங்களும் கூடவே ஏறியிருந்தன. 1931 ஜனவரியில் டி. பிரவுன் எதிரணிக்காரனைத் தாடையில் குத்தி வெளியேற்றப்பட்டார். நான்கு ஆட்டத்துக்குத் தடை. அடுத்த சனிக்கிழமையே ஆடியிருக்கிறார். அதன் பிறகும் தொடர்ந்து ஆடியிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை அவர் நேரில் வர வேண்டும். தவறினால் கிளப்புக்கு ஒரு முழு மதிப்பெண் குறையும்.

"நீங்கதான் போகணும்" என்றார் பிக்கர்ஸ்கில் கிளிஃபிடம். "சிலையைப் பார்த்தவங்களுக்கு வேற யாரைக் காட்டறது?"

விசாரணை மான்செஸ்டரில் ஒரு ஓட்டலின் இரண்டாம் மாடியில் நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஹம்ஃப்ரி ஸ்ட்ரிக்லண்ட். பக்கத்தில் பதிவாளர் அம்மாள் ஒருவர், முன்னால் படிவங்களின் அடுக்கோடு. பிக்கர்ஸ்கில் வாசலில் நின்று ஒரு வானொலிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். கிளிஃப் தனியாக உள்ளே போனார்.

"குத்தினீங்களா?" என்றார் தலைவர்.

"அய்யா, 1931-ல நான் பொறக்கவே இல்லை."

"அது தண்டனையைக் குறைக்கிறதுக்கான காரணம். அதைக் கடைசியில கேட்போம். இப்ப குத்தினீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"நான் குத்தலை."

"குத்தலைன்னு வாதாடித் தோத்தீங்கன்னா குழுவோட நேரத்தை வீணடிச்சதா ஆகும். நாலு எட்டாயிரும். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை. ஒரு நிமிஷம் எடுத்துக்கோங்க."

கிளிஃப் யோசித்தார். யார் அந்த ஆள் என்று யோசித்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தவனாக இருக்கலாம். அவனும் ஒரு ஆட்டம் ஆடி, ஒரு குத்து விட்டுவிட்டு, அடுத்த வாரம் கூப்பிடுவார்கள் என்று வீட்டுக்குப் போயிருப்பான். சனிக்கிழமை வேறொரு பிரவுன் ஆடியிருப்பான்.

"குத்தினேன்" என்றார்.

"எதுக்கு?"

"அவன் முதல்ல கடிச்சான்."

தலைவர் தலையசைத்தார். அறையில் ஒரு நிம்மதி பரவியது. "இந்த நேர்மையைத்தான் இந்த ஆட்டம் எதிர்பார்க்குது" என்றார். "தடைக்குப் பிறகு நூத்திநாப்பது ஆட்டம் ஆடியிருக்கீங்க. இன்னைக்கு இருக்கிற இளைஞர்களா இருந்தா கடுமையா நடந்துக்குவோம். உங்க வயசைப் பார்த்து பழைய நாலு ஆட்டத் தடையை மட்டும் உறுதி செய்யறோம். வர்ற சனிக்கிழமையில இருந்து."

பதிவாளர் அம்மாள் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

"ஆமாம். பதிவு செய்யாத ஆட்டக்காரருக்குத் தடை போட முடியாது. அது தடை இல்லை, ஓய்வு. பதிவு செஞ்சுருங்க."

பதிவாளர் ஒரு படிவத்தை நகர்த்தினார். முதல் வரி: முழுப்பெயர். இரண்டாம் வரி: களத்தில் வழங்கும் பெயர்.

கிளிஃப் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிக்கர்ஸ்கில் இன்னும் வானொலியோடு சிரித்துக்கொண்டிருந்தார். கிளிஃப் பேனாவை எடுத்தார். முதல் வரியில் கிளிஃபர்ட் ஆர்மிடேஜ் என்று எழுதினார். இரண்டாவதில் டி. பிரவுன் என்று எழுதினார். இரண்டும் உண்மை. பதிவாளர் படிக்காமல் முத்திரை குத்தினார்.

சனிக்கிழமை ஆட்டப் புத்தகத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் நான்கு பேரையும் சேர்த்து, பதினேழு ஆட்டக்காரர்களின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: தடையில் இருப்பவர், சி. ஆர்மிடேஜ்.

கிளிஃப் சுழல்கதவில் உட்கார்ந்து அதைப் பலமுறை படித்தார். பத்துப் பிரதி வாங்கினார். மாரீன் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

"ஆடினப்ப உன் பேரு இல்லை" என்றாள். "ஆடாததுக்குப் போட்டிருக்காங்க. போகட்டும். எழுத்துப்பிழை இல்லாம போட்டிருக்காங்க."

நான்கு வாரமும் போட்டார்கள். நான்கு வாரமும் அணி தோற்றது. நல்ல ஆள் ஒருவர் தடையில் இருந்தால் அப்படித்தான் என்று கிழக்கு வாசலில் சிலர் பேசிக்கொண்டார்கள்.

*

செப்டம்பர் கடைசியில் மதிப்பெண்கள் வந்தன. கோப்பையை வென்ற மார்ல்த்வெய்ட் அணி கீழே போனது. அவர்களுக்குப் பெண்கள் கழிப்பறை போதவில்லை. இருபத்தேழு ஆட்டத்தில் இருபத்திரண்டில் தோற்ற ஸ்கெல்பரோ பதினைந்து புள்ளி பூஜ்யம் ஐந்து எடுத்து மேலேயே தங்கியது. தடையை முறையாக அனுபவித்ததற்காகக் கூடுதலாக அந்தப் புள்ளி பூஜ்யம் ஐந்தைக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் கணினி படிவத்தைப் படித்திருந்தது. ஆர்மிடேஜும் பிரவுனும் ஒரே ஆள் என்று அது புரிந்துகொண்டது. எது முழுப்பெயரோ அதை எடுத்துக்கொண்டது. குழுவிலிருந்து உத்தரவு வந்தது. சுவரில் மறுபடியும் வண்ணம் பூசினார்கள். சிலையின் கீழே பலகையை மாற்றினார்கள்.

144. சி. ஆர்மிடேஜ். 1908 – 1987. 211 ஆட்டங்கள்.

கிளிஃப் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் கேட்டது ஒன்று. பிறகு பிக்கர்ஸ்கில்லின் அறைக்குப் போனார்.

"இருநூத்திப் பத்தை எடுத்துக்கோங்க" என்றார். "என்னோடது இல்லை."

"எடுத்தா நாம கீழ" என்றார் பிக்கர்ஸ்கில். தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த பருவத்துக்குக் கழிப்பறை எண்ணிக்கொண்டிருந்தார்.

டெரிக் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். தங்கைக்கு மட்டும் போன் செய்தார். தன்னைவிட எழுநூறு இடம் முன்னால் போய் உட்கார்ந்தவனோடு தான் எப்படி ஒரே மேசையில் சாப்பிடுவது என்று கேட்டாராம்.

அக்டோபரில் ரசிகர்களுக்கு ஒரு திறந்த நாள் வைத்தார்கள். கிளிஃப் வழக்கம்போலக் கிழக்கு வாசலில் இருந்தார். பதினோரு மணிக்கு ஊன்றுகோலோடு ஒரு கிழவர் வந்தார். தொண்ணூறுக்குக் குறையாது. தொப்பியைக் கழற்றினார். காதுகள் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன.

"இன்னிக்கு உங்க அனுபவம் எப்படி இருந்துச்சு?" என்றார் கிளிஃப்.

"நீங்கதானே ஆர்மிடேஜ்?" என்றார் கிழவர். "சிலையில பார்த்தேன். என் பேரு நோர்மன் லம். 1958, ஈஸ்டர் திங்கள். இடது ஓரத்துல ஆடினேன். ஒரே ஒரு ஆட்டம். டி. பிரவுன்னு எழுதினாங்க." மூச்சு வாங்கினார். "அது உங்ககிட்ட இருக்கு."

கிழவர் சுழல்கதவின் மேல் சாய்ந்துகொண்டார்.

"மத்ததெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு அந்த ஒண்ணு மட்டும் போதும். என் பேரை... சுவர்ல என் பேரைப் பார்த்தா போதும். ஒண்ணு போனா உங்களுக்கு இருநூத்திப் பத்து இருக்கும்ல?"

அது சரியான கணக்கு. கிளிஃபுக்கு அது நன்றாகத் தெரியும். சுவரைத் திரும்பிப் பார்த்தார். இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவர். நாளை மறுநாள் மூன்று பேர். பன்னிரண்டாவது ஆள் வந்தால் கிளப் கீழே. அவர் எழுந்து சுழல்கதவின் மேல் கையை நீட்டி, கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போதே தன் வாயிலிருந்து வருவது தனக்கே கேட்டது.

"அடுத்த வாரம் கூப்பிடுறோம்."

நோர்மன் லம்மின் முகம் மலர்ந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டார். அறுபத்தேழு வருஷம் காத்திருந்தவருக்கு ஒரு வாரம் பெரிதாகப் படவில்லை. நன்றி சொல்லிவிட்டு, போன் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சிலையைப் பார்க்க உள்ளே போனார்.